தலைமன்னார்ச் சுவரில் யாருடைய முகம்?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்துக்குப் பிறகு, நம் கிளைக் கூட்டங்களில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. நம் மூதாதையர் தோணியிலிருந்து காலெடுத்து வைத்த கரையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு சித்திரச் சுவர் வேண்டும் என்கிறார்கள். கல்வெட்டு போதாதாம். எழுத்து வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் கல்வெட்டு; படம் என்றால் கைப்பிள்ளையும் பார்க்கும். கண்ணாடிச் சில்லும் ஓட்டுச் சில்லும் பதித்து, தொழிலாளர் உருவங்களை ஆளுயரத்தில் நிறுத்த வேண்டும் என்பது யோசனை.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சுவர் வேண்டும். ஆனால் சுவருக்கு முன்பாகக் கரியால் வரைந்த உருவப் படங்கள் வேண்டும். அந்தப் படங்களுக்கு முன்னால் உயிரோடு இருக்கிற நம்மவர் நிற்க வேண்டும். நின்றவருக்கு அன்றைய பேர் விழ வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் எழும்புகிற சுவருக்கு எமது சங்கம் ஆதரவு தராது. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இது ஏதோ ஓவியர்களின் விவகாரம் என்று பலர் ஒதுக்கிவிடப் பார்க்கிறார்கள்.

சில்லுச் சித்திரம் என்ற யோசனை நல்ல யோசனைதான். மன்னார்த் தீவின் காற்றை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். இரு பக்கமும் கடல். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். சுவரில் பூசிய வண்ணம் சில மழைக்காலத்துக்குள் பொருக்குப் பொருக்காக உரியும். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் அக்கரையில் தனுஷ்கோடியையே இல்லாமலாக்கியது. இக்கரையையும் அது சும்மா விடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நிலைக்கக்கூடியது கல்லும் கண்ணாடியும் சுட்ட ஓடும்தான். வண்ணம் மேலே பூசியதாக இல்லாமல் சில்லுக்குள்ளேயே இருப்பதால் வெயிலில் வெளுக்காது.

ஆனால் சில்லு ஒரு பிடிவாதமான பொருள். தூரிகையால் வரைபவர் ஒரு கோடு பிழைத்தால் அதன்மேல் இன்னொன்று போடலாம். சில்லுப் பதிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. சாந்து இறுகிவிட்டால் உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதனால் அந்த வேலையில் எல்லாத் தீர்மானமும் முன்கூட்டியே தாளில் முடிந்துவிடும். முதலில் ஓவியர் ஆளை நேரே பார்த்துக் கரியால் வரைவார். கரியைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: துணியால் தட்டினால் அழியும், விரலால் இழுத்தால் நிழலாகும், முழங்கை மடிப்பு சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பார்க்கலாம். அந்தச் சிறு படங்களிலிருந்து சுவரின் அளவுக்கே பெரிய தாளில் முழு உருவமும் வரையப்படும். இந்தப் பெரிய தாள் படத்துக்குத்தான் ஆங்கிலத்தில் கார்ட்டூன் என்று பெயர் இருந்தது; பத்திரிகைக் கேலிச் சித்திரத்துக்கு அந்தப் பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தத் தாளைப் பகுதி பகுதியாக வெட்டி, சில்லுகளை முகம் குப்புற ஒட்டி, ஈரச் சாந்தில் அமுக்கித் தாளை நனைத்து உரிப்பார்கள். சில்லு ஒட்டுகிறவர் பெரும்பாலும் அந்தத் தொழிலாளியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் உள்ள கோடு மட்டுமே.

ஆகவே, கரி பிடித்த கை எதைப் பார்த்ததோ அதுதான் சுவருக்கு வரும். அது பார்க்காததைச் சில்லு பார்க்காது.

நம்மைக் கரி பிடித்து யார் பார்த்தார்கள்? இதுவரை நம்மைப் படமாக்கியவர்களை எண்ணிப் பாருங்கள். தேயிலை வணிகம் பெருகிய காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த வெள்ளையர் படப்பிடிப்பு நிலையங்கள் தபால் அட்டைகளுக்காக நம் பாட்டிமாரை நிறுத்திவைத்துப் படம் பிடித்தன. கீழே எழுதியது ‘தமிழ்க் கூலி’, ‘கொழுந்து பறிக்கும் பெண்’. பெயர் கிடையாது. லிப்டன் விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் உலகம் முழுக்கப் போனாள். அவளுக்கும் பெயர் கிடையாது. இன்றைக்கும் ஹோட்டல் வரவேற்பறைச் சுவரில் அவளே நிற்கிறாள். கசங்காத சேலை, நிறைந்த நகை, வாய் நிறையச் சிரிப்பு. அட்டை கடித்த தடம் இல்லை. காலில் சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசிய வெள்ளை இல்லை. இடுப்பில் படங்கு இல்லை, தலையில் கொங்காணி இல்லை. கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே வருடக்கணக்காக அழுத்தி முடி உதிர்ந்த அந்தப் பட்டை நிச்சயமாக இல்லை. மலைச்சரிவில் ஒரு முழங்காலை மடக்கி மறு காலை ஊன்றி நின்றால்தான் இரண்டு கையும் கொழுந்துக்குப் போகும் என்பது அந்தப் படம் போட்டவருக்குத் தெரியவே தெரியாது. அவர் போட்ட பெண் சமதரையில் நிற்கிறாள்.

அரசாங்கங்கள் நம்மைப் பார்த்த விதம் இதைவிட மோசம். மன்னார்க் கரைக்கு வந்தவர்களை அடையாளம் காண முகம் தேவைப்படவில்லை. 1900களின் தொடக்கத்தில் ‘தகரச் சீட்டு’ வந்தது. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த ஒரு தகட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். எண்ணைப் பார்த்து ஆளை இன்ன தோட்டத்துக்கு என்று ரயிலில் ஏற்றினார்கள். மாட்டுக்குச் சூடு போடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளட்டும். அதற்கு முந்திய தலைமுறைக்கு அந்தத் தகரமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து வந்தவர்கள் தோணியில் கடந்து, தலைமன்னாரிலும் அரிப்பிலும் இந்தக் கரையோரத்தின் மற்ற இறங்குதுறைகளிலும் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் முறையாக எண்ணி வைக்கவில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கடக்கும் கப்பல் சேவை வந்தது; இரு கரையிலும் ரயில் வந்து நின்றது. நடை ஒழிந்தது. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்பென்று அடைத்துவைத்து, ஊசி போட்டு, எண்ணி ஏற்றினார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே துறையால் நாம் எதிர்த் திசையில் போனோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தது. நம்மில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அந்த நாட்களில் லயத்துக் குடும்பங்கள் பல முதன்முதலாக ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டன. எதற்கு? கடவுச்சீட்டுக்கு. புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லாரும் கமராவை வெறித்துப் பார்க்கிற அந்தச் சின்னப் படம்தான் பல வீடுகளில் தாத்தா பாட்டியின் ஒரே படம். அதுவும் நாட்டை விட்டு அனுப்புவதற்காகப் பிடித்தது.

தபால் அட்டையும் தகரச் சீட்டும் கடவுச்சீட்டுப் படமும்தான் நம்மிடம் இருக்கிற உருவச் செல்வம். இதை வைத்துக்கொண்டு யாராவது ஒரு கொந்தராத்துக்காரர் கொழும்பில் உட்கார்ந்து, கணினியில் கூடைக்காரி ஒருத்தியை இறக்கி, அதை ஓட்டுக் கடைக்கு அனுப்பினால் தலைமன்னாரில் வரப்போவது என்ன என்பது நமக்குத் தெரியும். அதே சிரிப்புத்தான் இம்முறை கண்ணாடியில் வரும்.

தொழிலாளியைச் சில்லில் பதித்த வேலை உலகில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் 1933இல் ஒரு பெரிய ரயில் நிலையம் திறந்தார்கள். ஜெர்மனியிலிருந்து போன வினோல்ட் ரைஸ் என்ற ஓவியரிடம் சுவர்களை ஒப்படைத்தார்கள். அவர் அதற்கு முன்பே நியூயோர்க்கின் ஹார்லம் பகுதிக் கறுப்பின மக்களையும், பிளாக்ஃபீட் பழங்குடியினரையும் எதிரே உட்காரவைத்து ஆள் ஆளாக வரைந்து பழகியவர். ரயில் நிலையத்தின் நடைமண்டபத்துக்கு, நகரத்தின் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களை 14 பெரிய சித்திரங்களாக அமைத்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 அடிக்கு 20 அடி. சவர்க்காரம் காய்ச்சுகிறவர்கள், பியானோ செய்கிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், இறைச்சி வெட்டுகிறவர்கள், அச்சுக்கூடக்காரர்கள். தெய்வமும் தேவதையும் ராசாவும் நிற்கும் உயரத்தில் இவர்கள் நின்றார்கள்.

அவர் அதைச் செய்த முறைதான் நமக்கு வேண்டியது. மனத்திலிருந்து வரையவில்லை. அந்தந்தத் தொழிற்சாலையிலேயே, வேலை செய்துகொண்டிருந்த அசல் ஆட்களைப் படம் பிடித்து, அதிலிருந்து தாளில் உருவம் எடுத்து, அதைச் சில்லுக்காரர்களிடம் கொடுத்தார். உருவங்களுக்குக் கண்ணாடிச் சில்லு. பின்னணிக்கு வண்ணச் சாந்து. அதனால்தான் அந்தச் சுவரில் ஒருவர் கையை எப்படி நீட்டுகிறார், இயந்திரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோகிறார் என்பதெல்லாம் அந்த வேலை தெரிந்தவனுக்குச் சரியாகப் படுகிறது.

ஆனாலும் அதை நாம் கண்ணை மூடிக்கொண்டு மெச்ச வேண்டியதில்லை. 1931 முதல் 1933 வரை, அந்தச் சித்திரங்கள் உருவான அதே காலத்தில், அமெரிக்கா முழுக்க ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலையற்றவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். தொழிலாளி சுவரில் பளபளத்தான், தெருவில் பசியோடு நின்றான். சுவர் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவரிடமும் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் நாம் பேச வேண்டும். சுவர் சம்பளத்துக்கு ஈடாகாது.

பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 1972இல் அந்த நிலையத்தில் பயணிகள் ரயில் நின்றது. நடைமண்டபத்தை இடிக்கத் தீர்மானித்தார்கள். நகர மக்கள் விடவில்லை. 1973இல் அந்த 14 தொழிலாளர் சித்திரங்களையும் சுவரோடு பெயர்த்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே மண்டபத்தில் இருந்த பெரிய உலக வரைபடச் சித்திரத்தை எவரும் காப்பாற்றவில்லை; அது இடிபாட்டோடு போயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து விமான நிலையக் கட்டடத்தையும் இடிக்க வேண்டி வந்தபோது, அங்கிருந்து ஒன்பது சித்திரங்கள் மறுபடி நகரத்துக்குள் மாநாட்டு மண்டபத்தின் வெளிச்சுவருக்கு இடம் மாறின. டொன் கணக்கில் எடையுள்ள சுவரை இரண்டு தரம் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். உலக வரைபடத்துக்கு ஆள் இல்லை, தொழிலாளிக்கு ஆள் இருந்தது. தங்கள் தகப்பனும் பாட்டனும் செய்த வேலை அந்தச் சுவரில் இருக்கும்போது அதை இடிக்க ஊர் எப்படிச் சம்மதிக்கும்? முகமில்லாத அலங்காரத்துக்காக யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள்.

கரிப் படத்தைப் பற்றிச் சொல்வதானால் டிட்ரொயிட்டையும் சொல்ல வேண்டும். அங்கே மெக்சிக்கோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932–33இல் மோட்டார்த் தொழிற்சாலைத் தொழிலாளரை அரும்பொருளகத்தின் சுவர்களில் தீட்டினார். அது சில்லு வேலை இல்லை, ஈரச் சாந்தில் வண்ணம் ஏற்றும் வேலை. ஆனால் முன்னேற்பாடு ஒன்றேதான்: ஆலைக்குள் வாரக்கணக்கில் திரிந்து பார்த்து, சுவரளவு தாள்களில் கரியால் வரைந்துகொண்டார். அவர் அந்த நகரத்துக்கு வருவதற்கு முந்திய மாதம், 1932 மார்ச் 7ஆம் திகதி, ஃபோர்ட் ஆலை வாசலுக்கு ஊர்வலமாகப் போன வேலையற்ற தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கே நால்வர் செத்தார்கள். ஓவியத்துக்குப் பணம் கொடுத்ததும் ஃபோர்ட் குடும்பத்தின் மகன்தான்! இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரித் தாள்கள் அரும்பொருளகக் களஞ்சியத்திலேயே கண்ணுக்குத் தப்பிக் கிடந்து, 1979இல்தான் மறுபடி வெளியே வந்தன. இன்றைக்கு அவையே தனிச் செல்வம்.

இவ்வளவு தூரம் போவானேன் என்பவர்களுக்குப் பக்கத்து உதாரணமும் உண்டு. 1947இல் வங்க ஓவியர் சோம்நாத் ஹோர் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர் நடுவே இருந்து, குறிப்பும் கோட்டுப் படமுமாக ஒரு நாட்குறிப்பு எழுதினார். அது விற்பனைக்கான படம் இல்லை. போராட்டக் காலத்தின் பதிவு. சென்னை மெரீனாவில் 1959இல் திறந்த உழைப்பாளர் சிலையை அறியாதவர் குறைவு. பாறையை நெம்பும் அந்த நால்வருக்கு ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவருமே மாதிரியாக நின்றார்கள் என்பதை அறிந்தவர் இன்னும் குறைவு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்ற பெரிய சிற்பிக்கே முன்னால் நிற்க ஒரு காவலாளியின் தோளும் முதுகும் தேவைப்பட்டன. நம் மலையகத்திலேயே ஹனுஷா சோமசுந்தரம் போன்ற ஓவியர்கள் தேயிலைச் சாயத்தையே வண்ணமாக்கி நம் வாழ்க்கையை வரைந்து காட்டியிருக்கிறார்கள். வரைய ஆள் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. லயத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போடாமல் வளர்ந்த பிள்ளை நம்மில் உண்டா? வெள்ளையடித்த மறுநாளே கோடு போட்டு அடி வாங்கிய அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேலையை அவர்களுக்குக் கொடுங்கள்.

சரி, யாரை வரைவது? காட்டு வழியே நடந்து வந்தவர்களின் படம் எங்கும் இல்லை என்று சொன்னோம். இல்லாத முகத்தைக் கற்பனை செய்யாமல் இருக்கிற உடம்பைப் பார்க்கச் சொல்கிறோம். பெரட்டுக்கு நிற்கிற வரிசை, நிறுவை நேரத்தில் தராசின் முள்ளை விட்டு எடுக்காத கண், கவ்வாத்துக் கத்தியை வீசும்போது விலாவில் விழும் முறுக்கு, ஸ்டோரில் தூசுக்குத் துணி கட்டிய வாய், இறப்பர்த் தோட்டத்தில் விடியும் முன்னே மரத்தடியில் குந்திய பெண்ணின் முழங்கால், கொழுந்துக் கறையில் கறுத்த பெருவிரலும் ஆள்காட்டி விரலும். இவையெல்லாம் இருநூறு ஆண்டாக ஒரு உடம்பிலிருந்து மறு உடம்புக்கு வந்தவை. பாட்டி எப்படிக் குனிந்தாள் என்பதற்குப் பேத்தியின் இடுப்பே சாட்சி. விரல் கறையை மட்டும் தயவுசெய்து கழுவிவிட்டு வரையாதீர்கள்.

ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் எமது கருத்து. தோட்டத்தின் வருமானம் கொழுந்து பறிக்கும் கையில் நிற்கிறது. நினைவுச் சின்னம் என்றவுடன் தலைப்பாகை கட்டிய ஆண் ஒருவனை முன்னே நிறுத்திப் பெண்ணைப் பிள்ளையோடு பின்னே நிறுத்துகிற வழக்கம் போதும்.

கரையை மறந்துவிட்டு மலையை மட்டும் வரைவதும் சரியில்லை. தோணி ஓட்டியவர் இல்லாமல் நம்மவர் கடல் தாண்டவில்லை. அங்கே கரைவலை இழுக்கிறவர்களும் உப்பளத்தில் கூட்டிக் குவிக்கிறவர்களும் நம்மைப் போலவே முதுகால் பிழைக்கிறவர்கள். 1977க்குப் பிறகு இனக்கலவரத்துக்கு அஞ்சி மலையை விட்டு வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலத்துக்கும் போய், காடு வெட்டிக் குடியேறி, பின்னர் போரிலும் அடிபட்ட நம் சொந்தங்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய முகம் இல்லாமல் அந்தச் சுவர் முழுதாகாது. அதைவிட முக்கியம், அது அவர்களுடைய ஊர். காற்றாலைகளுக்கும் இல்மனைற் மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் இரவு பகலாகத் தெருவில் இருந்தார்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் மண்ணில் எதையாவது நடுவதைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. நாமும் போய்க் கேட்காமல் நட்டால், மற்றவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? முதலில் தலைமன்னார் மீனவர் சங்கங்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் சுவர் மாத்தளையில் எழட்டும்.

இனி, கூட்டங்களில் எழுந்த எதிர்ப்பைப் பேசுவோம். “லயத்துக் கூரை ஒழுகுது, கக்கூசுக்குக் கதவில்லை, உங்களுக்குக் கண்ணாடிச் சில்லா கேக்குது?” என்று ஒரு அக்கா கேட்டதாகக் கிளைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. நியாயமான கேள்வி. காணி உரிமையும் வீடும் கிடைக்காத மக்களுக்குச் சுவர் எதற்கு என்பது கோபத்தில் பிறந்த கேள்வியானாலும் கணக்குத் தெரிந்த கேள்வி. ஆகவே தெளிவாக எழுதுகிறோம்: உறுப்பினர் சந்தாவிலிருந்து இந்தச் சுவருக்கு ஒரு சதமும் போகாது. வீட்டுத் திட்டத்துக்கோ காணிக்கோ ஒதுக்கிய பணத்தை இதற்குத் திருப்புவதையும் ஏற்க மாட்டோம். இருநூறு ஆண்டு நம் உழைப்பால் இலாபம் கண்ட தோட்டத் துறையும், நம்மை எண்ணிப் பிரித்துக்கொண்ட இரண்டு அரசாங்கங்களும் செலவு செய்யட்டும். செலவு செய்தவர் பெயரைச் சுவரில் பெரிதாகப் போடக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். தொழிலாளியின் பெயர் ஏறட்டும், அதற்கே இடம் போதாது.

ஆனால் அந்த அக்காவுக்கு இன்னொரு பதிலும் உண்டு. முகமில்லாத கூட்டமாக நம்மைப் பார்த்துப் பழகியதால்தான் நம் கூரையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆயிரம் ரூபாய்க்காக 2015 முதல் 2021 வரை நாம் தெருவில் நின்றபோது தொலைக்காட்சியில் காட்டியது என்ன? பச்சை மலையும் கூடையும் தூரத்தில் நகரும் வண்ணச் சேலைகளும். பக்கத்தில் வந்து ஒருவருடைய முகத்தை, ஒருவருடைய செக்ரோல் கணக்கை, ஒருவருடைய விரலைக் காட்டியவர்கள் மிகக் குறைவு. கூடை தூக்கும் உருவம் சம்பளம் கேட்காது, அதனால் எல்லாருக்கும் அதைப் பிடிக்கிறது. பெயருள்ள ஒருத்தி சுவரில் நின்றால் அவளுடைய கூலி என்ன என்று பார்ப்பவன் கேட்பான்.

அதனால்தான் நாம் கரிப் படங்களை இவ்வளவு வற்புறுத்துகிறோம். முடிந்த சுவரில் உருவம் கோலமாகிவிடும். தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய அலங்காரம் அது, வேறு மாதிரி இருக்கவும் முடியாது. தயாரிப்புப் படத்தில்தான் அந்த ஆள் ஆளாக இருப்பார். அழித்து மறுபடி போட்ட கோட்டில், ஓவியர் எங்கே தயங்கினார், எங்கே இரண்டாம் தரம் பார்த்தார் என்பது தெரியும். ஆகவே படத்தின் கீழே அவரவர் பெயர், தோட்டம், டிவிசன், செய்கிற வேலை எழுத வேண்டும். ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும். பாட்டியின் கடவுச்சீட்டுப் படம் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் பேத்தியின் கரிப் படமும் தொங்கட்டும். மூலப் படங்களைச் சுவர் முடிந்ததும் குப்பையில் போடவோ, கொழும்பில் எவருடைய காரியாலய அலுமாரியிலாவது பூட்டவோ விடக் கூடாது. மலையகத்தில் நம் பிள்ளைகள் போய்ப் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் அவை இருக்க வேண்டும். பல்கலைக்கழகமோ பொது நூலகமோ எதுவானாலும் சரி.

படத்துக்கு நிற்பது சும்மா நிற்பதென்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே நிலையில் அரை மணி நேரம் கூடைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும். ஓவியக் கல்லூரிகளில் மாதிரிக்கு நிற்பவருக்குக் கூலி கொடுப்பது வழக்கம். நம்மவர் நிற்கிற நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேர் என்ற பேச்சே கூடாது. கொழுந்து நாளில் கூட்டிப் போனால் மேலதிகக் கிலோவுக்கான காசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகிற உரிமையும், படத்தைப் பார்த்துவிட்டு “இது நான் இல்லை” என்று சொல்கிற உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். தபால் அட்டைக்கு நின்ற பாட்டிக்கு இந்த இரண்டும் கிடைக்கவில்லை.

1984இல் கப்பல் நின்றது. போரில் அறுந்த தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் மறுபடி திறந்தது. ஹட்டனிலிருந்தும் நம்மவர் அந்த இறங்குதுறைக்குப் போகிறார்கள். பலர் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பார்க்க அங்கே துருப்பிடித்த இறங்குதுறையும் வெளிச்ச வீடும் மணலும் உண்டு. தங்களைப் பற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை.

கிளைத் தலைவர்களுக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேலை தருகிறோம். வருகிற மாதக் கூட்டத்தில் இந்தத் தலையங்கத்தை வாசித்துக் காட்டி, ஆதரவையும் எதிர்ப்பையும் அப்படியே குறித்து அனுப்புங்கள். தோட்டத்தில் கரியோ பென்சிலோ பிடித்து வரையத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், அவர்கள் வீட்டில் உள்ள ஒருவரை வேலைக் கோலத்தில் பார்த்து வரைந்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பட்டும். வரைந்தவர் பெயரும் நின்றவர் பெயரும் படத்தின் பின்னால் இருக்க வேண்டும். வடிவாக இல்லை என்று ஒதுக்க வேண்டாம். வந்த படங்களில் சிலவற்றை அடுத்த இதழில் போடுவோம்.